ஆர்க்கிட்டை லேபில் சேர்த்த கதை

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. தலைக்கு மேலே மொட்டை மாடிதான். கோடையில் பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட், ராத்திரி பதினொரு மணிக்கும் தோசைக்கல் மாதிரி அனல் கக்கும். ஏசி, ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பது என் தொழில். ஊரான் வீட்டையெல்லாம் குளிர வைக்கிறவன் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஏசி, அதுவும் படுக்கை அறையில். இந்த வீட்டில் ஒரு ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட்டைப் பூக்க வைக்க எனக்கு மூன்று வருஷம் ஆனது. அதில் ஒரு செடி செத்தது. ஒரு வருஷம் தப்பான இடத்தில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். அதையெல்லாம் மறப்பதற்குள் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதல் செடி 2022 பிப்ரவரியில் வந்தது. கல்யாண நாளுக்கு மனைவிக்கு வாங்கியது, 850 ரூபாய். வளைந்த தண்டில் வரிசையாக ஒன்பது வெள்ளைப் பூ. தூரத்திலிருந்து பார்த்தால் டியூப் லைட்டில் அந்துப்பூச்சி வந்து உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். பெயரும் அதுதான். 1825இல் ப்ளூமே என்ற தாவர அறிஞர் இந்தப் பேரினத்துக்கு வைத்த பெயருக்குக் கிரேக்க மொழியில் அந்துப்பூச்சி போன்றது என்று பொருள். அம்மா விலையைக் கேட்டதும், "இன்னாடா இது, அந்தக் காசுக்கு ஒரு வருசம் தலைக்குப் பூ வெச்சிக்கலாமே" என்றார்.

ஜூனில் செடி போய்விட்டது. முதலில் அடி இலை மஞ்சளானது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். அடுத்த வாரம் நடுக்குருத்து கறுத்தது. கையில் பிடித்து லேசாக இழுத்ததும் குருத்து தனியாக வந்துவிட்டது, அழுகின வெங்காயத்தில் நடுப்பகுதி வழுக்கிக்கொண்டு வருமே, அப்படி.

கம்ப்ரஸர் போனால் தூக்கி எறிவதற்கு முன் ஒருமுறை வெட்டிப் பார்ப்பது என் வழக்கம். செடியையும் அப்படித்தான் பிரித்தேன். வெளியே அழகான பீங்கான் தொட்டி, அடியில் ஓட்டை கிடையாது. அதற்குள் பிளாஸ்டிக் தொட்டி. அதற்குள் அடைத்து வைத்த பாசி. பாசிக்கு நடுவில், வேருக்கு மத்தியில், நாற்றாக இருந்தபோது வைத்த சின்ன வலைக்கூடை ஒன்று அப்படியே இருந்தது. மேலே பாசி காய்ந்து மொறுமொறு என்றிருக்க, நடுவில் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. வேர்களை நசுக்கினால் பழுப்புத் தண்ணீர் வந்தது. தோல் உருவிக்கொண்டு வர, உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது. காலையில் செம்பு நிறைய தண்ணீரைத் தலையில் ஊற்றி, நானே தினமும் அதை மூழ்கடித்திருக்கிறேன்.

அப்புறம்தான் இது என்ன ஜாதிச் செடி என்று படித்தேன். மண்ணில் வளரும் செடியே இல்லை. காட்டில் மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. வேர் காற்றில்தான் இருக்கும். வேரைச் சுற்றி ஸ்பாஞ்ச் மாதிரி ஓர் உறை. மழை பெய்தால் உறிஞ்சிக்கொள்ளும், பிறகு காற்றில் உலரும். உலர்ந்தால் வெள்ளிச் சாம்பல் நிறம், நனைந்தால் பச்சை. அந்தப் பச்சை உண்மையான பச்சையம், வேரே கொஞ்சம் வெளிச்சத்தைச் சாப்பிடுகிறது. இன்னொன்று, மரத்தில் அது பக்கவாட்டில் சாய்ந்துதான் தொங்கும், அதனால் குருத்தில் தண்ணீர் தங்காமல் வழிந்துவிடும். நாம்தான் தொட்டியில் நிமிர்த்தி உட்கார வைத்து, கிண்ணம் மாதிரி இருக்கும் குருத்தில் தண்ணீரைத் தேக்கி அழுக வைக்கிறோம்.

2023 ஏப்ரலில் மாதவரம் பக்கம் ஒரு வீட்டுக்கு கேஸ் நிரப்பப் போய்த் திரும்பும்போது நர்சரியில் இரண்டாவது செடி கிடைத்தது. பூவெல்லாம் கொட்டி, தண்டு காய்ந்து, ஓரமாகக் கிடந்தது. கடைக்காரர் 200 ரூபாய்க்குக் கொடுத்தார். "குளிர்ச்செடி சார், மெட்ராஸ்ல நிக்காது" என்றும் சொன்னார். அவர் சொன்னதில் பாதி தப்பு, பாதி சரி. எந்தப் பாதி சரி என்று தெரிந்துகொள்ளத்தான் அடுத்த ஒன்றரை வருஷம் போனது.

வாங்கி வந்த அன்றே தொட்டி மாற்றவில்லை. நடுவதற்கு வேண்டியதைச் சேர்க்கவே ஒரு வாரம் ஆனது. எங்கள் தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணனிடம் ஒரு கிலோ மரக்கரி வாங்கினேன். கடலை அளவுக்குக் கீழே போகாமல், பெரிய நெல்லிக்காய் அளவுக்கு மேலேயும் போகாமல் உடைத்து, கறுப்புத் தண்ணீர் நிற்கும்வரை கழுவினேன். அம்மா வாசலில் நின்று, "அடுப்புல போடறத பூச்செடிக்கிப் போடறான் பாரு" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். காய்ந்த தேங்காய் மட்டையை விரல் கணு அளவுக்கு நறுக்கினேன். இதில் அவசரப்பட்டால் வினை. மட்டையில் உப்பும் துவர்ப்புச் சாயமும் இருக்கும். ஊற வைத்த முதல் நாள் தண்ணீர் டீ டிக்காக்‌ஷன் மாதிரி இருந்தது. தினமும் தண்ணீர் மாற்றி நான்கு நாள் ஊற வைத்தேன், நான்காம் நாள் இளம் மஞ்சளாகத் தெளிந்தது. இளநீர்க் கடையில் வெட்டிப் போட்ட பச்சை மட்டை சும்மா கிடைக்கிறதே என்று எடுக்க வேண்டாம், சீக்கிரம் மக்கிக் கூழாகிவிடும்.

தொட்டிக்கு, பார்சலில் வந்த ஒரு லிட்டர் ஒளி புகும் பிளாஸ்டிக் டப்பா. சால்டரிங் கம்பியால் அடியில் பன்னிரண்டு ஓட்டை, பக்கவாட்டில் இருபது. பிளாஸ்டிக் கருகும் புகை கெட்டது, மாடியில் வைத்துச் செய்தேன். ஒளி புகும் டப்பா அழகுக்கு அல்ல. வேரின் நிறம் வெளியிலிருந்தே தெரியும், அதுதான் நமக்கு மீட்டர். அந்த டப்பாவை, ஓட்டை போட்ட மண்தொட்டிக்குள் தளர்வாக இறக்கினேன். மண்தொட்டி ஈரமாக இருந்தால் பானைத் தண்ணீர் கணக்கில் வேர்ப்பக்கம் இரண்டு டிகிரி குறைகிறது, அளந்து பார்த்தேன்.

செடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊற வைத்துவிட்டு, பாசியைத் துணுக்குத் துணுக்காக எடுத்தேன். இதிலும் நடுவில் அந்த வலைக்கூடை இருந்தது. சிறிய கத்தரியால் நான்கு இடத்தில் வெட்டி உருவினேன். பிளேடை லைட்டரில் காட்டிவிட்டு, கூழாகியிருந்த வேரையெல்லாம் வெட்டினேன். கெட்டியாக இருந்தது நிறம் மாறியிருந்தாலும் வெட்டவில்லை. கடைசியில் ஆறு நல்ல வேர் மிஞ்சியது. வெட்டின இடத்தில் லவங்கப்பட்டைத் தூள் தடவச் சொல்வார்கள். நான் தாராளமாகத் தூவிவிட்டேன், வேர் மேல் முழுக்க. தூள் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்று யோசிக்கவில்லை. ஆறில் இரண்டு நல்ல வேர் சுருங்கி வற்றலானது. இலையில் காயம் பட்டால் தூள் வைக்கலாம். வேர்ப்பக்கம் கொண்டு போகாதீர்கள், வெட்டு முனையில் மட்டும் ஒரு சிட்டிகை போதும்.

கரி பாதி, மட்டை பாதி கலந்து நிரப்பி, செடி ஆடாமல் இருக்க இரண்டு ஈர்க்குச்சியைக் குறுக்கே சொருகினேன். ஆடினால் புது வேர் நுனி தேய்ந்து நின்றுவிடும். ஐந்து நாள் தண்ணீரே காட்டவில்லை.

இனி தண்ணீர். வடசென்னையில் இது தனிப் புராணம். என் டூல் பாக்ஸில், தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் எப்போதும் கிடக்கும், ஆர்.ஓ. வேலையும் பார்ப்பதால். எங்கள் போர் தண்ணீர் 1,640. கடல் இங்கிருந்து நடக்கிற தூரம், வேறெப்படி இருக்கும். மெட்ரோ வாட்டர் அன்றைக்கு 380. ஆர்.ஓ. 45. பிடித்து வைத்த மழைத் தண்ணீர் 20க்குள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் 28. ஏசித் தண்ணீர் காற்றிலிருந்த ஈரம்தான், காய்ச்சி வடித்ததற்குப் பக்கத்தில் வரும். ஆனால் காயிலில் படிந்த தூசி, டிரேயில் வளர்ந்த பூஞ்சை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வரும். சர்வீஸ் செய்து ஆறு மாதமான ஏசியின் டிரேயைக் கழற்றிப் பார்த்தவன் அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற யோசிப்பான். நான் சர்வீஸ் முடித்த மாதத்தில் மட்டும் பயன்படுத்துகிறேன்.

போர் தண்ணீர் மட்டும் இந்தச் செடிக்கு ஆகவே ஆகாது. கரி மேல் வெள்ளையாக உப்பு பூக்கும், வேர் நுனி கருகும். ஆனால் வெறும் ஆர்.ஓ. தண்ணீரே ஊற்றினால் சுண்ணாம்புச் சத்து கிடைக்காது. மூன்று பங்கு ஆர்.ஓ. அல்லது மழைத் தண்ணீர், ஒரு பங்கு மெட்ரோ வாட்டர், இதுதான் என் கலவை. மீட்டரில் 130க்குப் பக்கம் காட்டும். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் இருக்கும் 19:19:19 உரத்தை ஒரு லிட்டருக்கு அரை கிராம் கரைத்து, பத்து நாளைக்கு ஒருமுறை. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு இதைவிடப் பல மடங்கு, அது வயலுக்கு. மாதம் ஒருமுறை உரமில்லாத தண்ணீரைத் தாராளமாக ஓடவிட்டு, தங்கின உப்பை அலசிவிடுவேன்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை ஊற்றுவது என்று எல்லாரும் கேட்கிறார்கள். நாள் கணக்கே வேண்டாம். டப்பா வழியாக வேர் வெள்ளியாகத் தெரிந்தால் ஊற்று, பச்சையாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டிரு. எங்கள் வீட்டில் கத்திரி வெயிலில் அது ஒன்றரை நாள், ஐப்பசி மழையில் எட்டு நாள். டப்பாவை அப்படியே வாளியில் பத்து நிமிஷம் இறக்கி எடுத்து வடிய விடுவேன். எப்போதும் காலையில்தான். குருத்தில் தெறித்தால் டிஷ்யூ பேப்பரின் முனையை முறுக்கி உறிஞ்சிவிடுவேன்.

வெளிச்சத்துக்குக் கிழக்கு ஜன்னல். காலை ஒன்பது வரை நேர் வெயில், அதற்கு மேல் பச்சை வலை. 2023 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வலையைத் துவைக்கக் கழற்றி, மாட்ட மறந்துபோனேன். பன்னிரண்டு மணிக்குத் தொட்டுப் பார்த்தால் இலை சுட்டது. மறுநாள் ஐந்து ரூபாய் நாணயம் அளவில் வெளுத்து, பிறகு காய்ந்த தழும்பாகிவிட்டது. அந்தத் தழும்பு இலை இன்றைக்கும் இருக்கிறது. இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம், பலர் அதைச் செழிப்பு என்று நினைக்கிறார்கள். வாழைக் குருத்து விரிந்து இரண்டு நாளான பச்சை இருந்தால் சரி.

கடல் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. காசிமேடு, ராயபுரம் பக்கம் ஏசியின் வெளி யூனிட்டில் அலுமினியத் தகடு இரண்டு மூன்று வருஷத்திலேயே உப்பரித்துப் பொடியாக உதிரும். அதே காற்றுதான் இலை மேலும் படுகிறது. வாரம் ஒருமுறை ஈரத் துணியால் துடைத்தால், தூசியும் உப்பும் சேர்ந்து துணி கறுத்துப்போகும்.

இப்படியெல்லாம் பார்த்ததில் செடி நன்றாகவே வந்தது. கடைக்காரர் சொன்னதில் தப்பான பாதி இதுதான். மெட்ராஸில் நிற்கும். ஈரக்காற்று இதற்குப் பிடிக்கும், அது இங்கே வேண்டிய மட்டும் இருக்கிறது. 35 டிகிரியில்கூட நிழலும் ஓடுகிற ஃபேனும் இருந்தால் தாங்கியது. மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரில் எங்களுக்கு மூன்று நாள் கரண்ட் இல்லை, தெருவில் முழங்கால் தண்ணீர். செடியை மட்டும் தூக்கி அலமாரி மேல் வைத்தேன். மாடியிலிருந்து பிடித்த மழைத் தண்ணீர் இரண்டு டிரம் கிடைத்தது. கொசு முட்டையிடாமல் வேட்டி கட்டி மூடி, மார்ச் வரை வந்தது. ஊர் பட்ட பாட்டில் செடிக்கு மட்டும் லாபம்.

ஆனால் பூ? அதுதான் இல்லை.

ராத்திரியில் குளிர் பட்டால்தான் பூத்தண்டு விடும் என்று எங்கே கேட்டாலும் சொன்னார்கள். குளிர வைப்பது நம் தொழிலாயிற்றே! 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து தினமும் ராத்திரி பத்து மணிக்குச் செடியைப் படுக்கை அறைக்குத் தூக்கிப் போனேன். ஏசி 22. காலை ஆறு மணிக்குத் திரும்ப ஹாலுக்கு. ஃபிரிட்ஜுக்குப் போடும் வயர் சென்சார் தெர்மாமீட்டரை இலைக்குப் பக்கத்தில் கட்டி நோட்டில் எழுதினேன். ராத்திரி 22.5, பகல் 29, சில நாள் 30. மனைவி போர்வைக்குள்ளிருந்து, "செடிக்கா எனக்கா ஏசி?" என்று கேட்டாள். மார்கழி, தை ராத்திரியில் மெட்ராஸில் ஏசி போடுகிறவனை வேறென்ன கேட்பது. பிப்ரவரி கடைசிவரை இந்தக் கூத்து. கரண்ட் பில் ஏறியது, செடி ஓர் இலையும் இரண்டு வேரும் விட்டது. வேர் நுனி எட்டிப் பார்த்தபோது பூத்தண்டு என்று நினைத்து அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினது தனி மானக்கேடு.

அக்கா மகள் தோட்டக்கலை படிக்கிறாள். தமிழ்ப் புத்தாண்டுக்கு வந்தவள் என் நோட்டைப் புரட்டிவிட்டு, "மாமா, ராத்திரி சரியாத்தான் இருக்கு, பகல்தான் உங்கள ஏமாத்திடுச்சு" என்றாள். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிளாஞ்சர்டு, ரங்கிள் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வை போனில் எடுத்துக் காட்டினாள். அவர்கள் பகலுக்கு ஒரு வெப்பம், இரவுக்கு ஒரு வெப்பம் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பகல் 29 டிகிரியில் இருந்த செடிகள், ராத்திரியை 17க்கு இறக்கினாலும் பெரும்பாலும் தண்டு விடவில்லை. பூப்பதைத் தீர்மானிப்பது பகல் வெப்பம், ராத்திரி இல்லை என்பதுதான் அந்தக் கட்டுரையின் தலைப்பே. நான் குறித்து வைத்த 29, அப்படியே அவர்கள் கட்டுரையில் உட்கார்ந்திருந்தது.

அப்படியானால் மெட்ராஸ்காரனுக்கு என்ன வழி? இங்கே டிசம்பர், ஜனவரியில்கூட பகலில் 28, 29 வந்துவிடும். ராத்திரி 21, 22 வரைக்கும் தானாகவே இறங்கும், அதை நாம் இறக்க வேண்டியதே இல்லை. நான் ஏசி போட்ட எட்டு மணி நேரமும் வீண். குளிர் வேண்டியது பகலில், அதுவும் ஒரு மாதத்துக்கு மேல். பகல் முழுக்க வீட்டில் ஏசி ஓட்ட நான் என்ன ஜமீனா.

யோசித்தபோது பெரம்பூரில் மச்சான் வைத்திருக்கும் ரத்தப் பரிசோதனை லேப் நினைவுக்கு வந்தது. அந்த ஏசிக்கு நான்தான் வைத்தியன். உள்ளே மெஷினும் மருந்தும் இருப்பதால் இருபத்துநாலு மணி நேரமும் 24 டிகிரி, ஒரு ஏசி நின்றால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும். மச்சானிடம் கேட்டேன். "மாமா, பேஷண்ட் உக்கார்ற எடத்துல வைக்கலாம், ஆனா செடிக்கு ஃபாஸ்டிங்கா, சாப்ட்டு வரணுமா?" என்றான். அந்த வருஷம் முழுக்க அவன் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

இடையில் ஜூனில் இலை இடுக்கில் மாவுப்பூச்சி வந்தது. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் காது குடையும் பஞ்சை நனைத்துத் தொட்டு எடுத்தேன். வாரம் ஒருமுறை, நான்கு வாரம். போய்விட்டது.

2024 நவம்பர் 15ஆம் தேதி செடியை ஸ்கூட்டரில், அட்டைப் பெட்டியில் வைத்து பெரம்பூர் கொண்டு போனேன். வடக்குப் பார்த்த கண்ணாடிக் கதவு, வெளிச்சம் குறைவு. செடிக்கு ஓரடி மேலே 20 வாட் வெள்ளை எல்இடி பட்டையை மாட்டி, காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை டைமர் வைத்தேன். ஏசிக் காற்று நேராகப் படாத மூலை. ஏசி அறையில் ஈரப்பதம் 45 சதவீதம்தான் இருந்தது, எங்கள் வீட்டில் எழுபதுக்கு மேல். தட்டில் கூழாங்கல் பரப்பி, தண்ணீர் ஊற்றி, தொட்டி தண்ணீரைத் தொடாதபடி மேலே உட்கார வைத்தேன். பெரிதாக ஏறவில்லை, 50 ஆனது. அந்தத் தட்டைப் பற்றி ரொம்பப் புகழ்கிறார்கள், என் மீட்டர் அப்படிச் சொல்லவில்லை. அங்கே வேலை செய்யும் பெண்ணிடம் ஒரே ஒரு விதி சொல்லிக் கொடுத்தேன்: வேர் வெள்ளியானால் எனக்கு போட்டோ அனுப்பு, நீயாக எதுவும் ஊற்றாதே. அவள் நான் சொன்னதைவிட ஒழுங்காகப் பார்த்துக்கொண்டாள்.

டிசம்பர் 22, ஞாயிறு. லேபிலிருந்து ஒரு போட்டோ. மேலிருந்து மூன்றாவது இலையின் அடியில் பச்சையாக ஏதோ. போன முறை பட்ட அவமானம் நினைவிருந்ததால் யாரிடமும் சொல்லாமல் நேரில் போய்ப் பார்த்தேன். வேர் நுனி உருண்டையாக, வழவழப்பாக, மெழுகுவத்தி முனை மாதிரி இருக்கும். இது தட்டையாக, நுனியில் சின்ன மடிப்போடு, மூடின நண்டுக் கொடுக்கு மாதிரி இருந்தது. மேலே பார்த்தும் வளைந்திருந்தது. பூத்தண்டுதான். சேர்த்த நாளிலிருந்து முப்பத்தேழு நாள்.

உடனே வீட்டுக்குத் தூக்கி வரத் தோன்றியது. அக்கா மகள் தடுத்தாள். தண்டு சின்னதாக இருக்கும்போது சூடு பட்டால் நின்றுவிடலாம், இல்லை என்றால் பூவுக்குப் பதில் தண்டில் குட்டிச் செடி முளைக்கலாம். இன்னொரு காரணமும் இருந்தது, போகி. எங்கள் பக்கம் போகி விடியற்காலையில் எதிர் வீடு தெரியாது. பழைய பாயோடு நிற்காது, டயரும் சேர்ந்து எரியும். புகையில் இருக்கும் எத்திலீன் வாயு ஆர்க்கிட் மொட்டுக்கு எமன். 2025 ஜனவரி 13 போகி, 14 பொங்கல். எல்லாம் அடங்கி 18ஆம் தேதி செடியைக் கொண்டு வந்தேன். தண்டு அப்போது ஒரு சாண்.

வீட்டில் அதே கிழக்கு ஜன்னல். தொட்டியில் வெளிச்சப் பக்கம் பேனாவால் கோடு போட்டு, ஒருபோதும் திருப்பவில்லை. தண்டு வெளிச்சத்தைப் பார்த்து வளரும், திருப்பினால் கோணிக்கொண்டு போகும். மூங்கில் குச்சி ஊன்றி, மனைவியின் சின்ன கொண்டைக் கிளிப்பை வைத்து தளர்வாகப் பிடிக்க வைத்தேன். பிப்ரவரி மத்தியில் மொட்டு தெரிந்தது. மொத்தம் எட்டு.

எத்திலீனைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு நானே ஒரு காரியம் செய்தேன். மார்ச் முதல் வாரம் வீட்டில் விசேஷம். மிச்சமான ஒரு சீப்பு பூவன் பழத்தை அம்மா ஜன்னல் கம்பியில், செடிக்கு இரண்டு அடி தள்ளி மாட்டினார். பழம் மாட்ட அதைவிட வசதியான இடம் எங்கள் வீட்டில் கிடையாது, நானும் பார்த்துவிட்டுப் போய்விட்டேன். பழுக்கிற பழம் விடுவதும் அதே வாயுதான். நான்காம் நாள் நுனி மொட்டு மூன்று மஞ்சளாகி, சுருங்கி, விரல் பட்டதும் விழுந்தன. சீப்பை எடுத்து சமையலறைக்கு மாற்றினேன். மிச்சம் ஐந்து தப்பித்தது. போகிக்குப் பயந்து லேபில் வைத்த செடியை வாழைப்பழத்துக்குக் காவு கொடுத்தேன். அம்மாவிடம் சொன்னபோது, "பழம் மூச்சு விட்டா பூ செத்துப்பூடுமா, இன்னா கதடா இது" என்று நம்பவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஹாலில் பழம் மாட்டவில்லை.

முதல் பூ மார்ச் 24ஆம் தேதி விரிந்தது. காலையில் பார்த்தபோது பாதி, மாலையில் முழுசு. நாங்கள் வாங்கியபோது பூ இல்லாத செடி, என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது. வெள்ளையில் லேசான இளஞ்சிவப்பு, நடுவில் உதடு மாதிரி இருக்கும் இதழ் மட்டும் செம்பருத்தி நிறம். ஐந்தும் விரிய பன்னிரண்டு நாள் ஆனது.

எங்கள் தெருவில் மாலையில் பூக்கூடையோடு வரும் அக்காவை அம்மா மேலே கூட்டி வந்து காட்டினார். அக்கா கிட்டே போய் முகர்ந்து பார்த்தார். "வாசனையே இல்லியே தம்பி. எத்தினி நாளு இருக்கும்?" குளிர்ந்த இடத்தில் இரண்டு மூன்று மாதம்கூட நிற்கும் என்றேன். "ரெண்டு மாசம் வாடாத பூவா! இத எல்லாரும் வாங்கிட்டா எங்க பொழப்பு இன்னாவறது" என்று சிரித்துவிட்டு, அம்மா தலைக்கு ஒரு முழம் மல்லியைக் கிள்ளிக் கொடுத்துவிட்டுப் போனார், காசு வாங்கவில்லை.

எங்கள் வீட்டில் அது ஏழு வாரம் நின்றது. கத்திரி தொடங்கியதும் ஒவ்வொன்றாகக் கண்ணாடித் தாள் மாதிரி ஆகி உதிர்ந்தது. கடைசிப் பூ மே 13. தண்டு பச்சையாக இருந்தால் அடியிலிருந்து இரண்டாவது கணுவுக்கு மேலே வெட்டினால் கிளைத்து மறுபடி பூக்கும் என்பார்கள். இந்த வெயிலில் அந்தப் பேராசை வேண்டாம் என்று அடியோடு வெட்டிவிட்டேன். செடியில் அப்போது இருந்தது ஐந்து இலை, அது முதலில் உடம்பைத் தேற்றிக்கொள்ளட்டும். கரி, மட்டைக் கலவையையும் அப்போதே மாற்றினேன். இரண்டு வருஷத்தில் மட்டை நசுங்கி மண்ணாகியிருந்தது, கரி அப்படியே இருந்தது. வேர் எண்ணினேன், பதினான்கு. இந்த முறை லவங்கப்பட்டை டப்பாவைத் திறக்கவில்லை.

போன வாரம் லேபில் ஏசி சர்வீஸ். வேலை முடித்துக் கிளம்பும்போது மச்சான் வரவேற்பு மேஜைக்குப் பக்கத்து மூலையைக் காட்டினான். எல்இடி பட்டையை அவன் கழற்றவே இல்லை. அதன் கீழே வேறு எதையும் வைக்கக் கூடாது என்று அந்தப் பெண் தரையில் டேப் ஒட்டி, "நவம்பர் 15 - மாமா செடி" என்று எழுதி வைத்திருந்தாள்.